பல்சர்கள் காட்டும் ஈர்ப்பு அலைகள் அண்ட இழைகளிலிருந்து வந்தவையா?

குறிஞ்சிவானம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 2023 ஜூன் கடைசியில் பல்சர்களை (கடிகாரம்போலத் தவறாமல் வானொலித் துடிப்பு அனுப்பும் விண்மீன் எச்சங்களை) கவனிக்கும் குழுக்கள் ஒரே நேரத்தில் முடிவுகளை வெளியிட்டது நினைவிருக்கும். வட அமெரிக்காவின் நானோகிராவ், ஐரோப்பிய-இந்தியக் கூட்டணி, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் குழு, சீனக் குழு என நான்கு தரப்பும் ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொன்னன. ஓர் அலை முழுதாகக் கடந்துபோக ஆண்டுக்கணக்கில் ஆகும் அளவுக்கு நீண்ட ஈர்ப்பு அலைகள் (காலவெளியில் ஓடும் அதிர்வுகள்) எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து கலந்திருக்கும் தடயம் தெரிகிறது என்பதுதான் அது.

காரணம் என்று முதலில் சொல்லப்படுவது, மோதி ஒன்றான காலக்ஸிகளின் மையத்தில் ஜோடியாகச் சுற்றும் ராட்சதக் கருந்துளைகள். ஆனால் நானோகிராவ் குழுவே அப்போது வெளியிட்ட இன்னொரு கட்டுரை, பிரபஞ்சம் பிறந்த முதல் நொடிக்குள் உருவாகியிருக்கக்கூடிய அண்ட இழைகளும் (காஸ்மிக் ஸ்ட்ரிங்) காரணமாக இருக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. 2020-இல் அவர்களுடைய முந்தைய தரவு வந்தபோதும் இதே பேச்சு எழுந்தது.

இந்த இழைகளை நம்ப எவ்வளவு காரணம் இருக்கிறது? தமிழில் படித்த இடங்களில் எல்லாம் "அப்படியும் இருக்கலாம்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள். கணக்கு தெரிந்தவர்கள் விரிவாகப் பேசினால் மிகவும் உதவியாக இருக்கும்.

அலைவரிசை எழுதியது:

இழை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1976-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த டாம் கிப்பிள் முன்வைத்த யோசனை இது. பிரபஞ்சம் விரிந்து குளிர்ந்தபோது, அதை நிறைத்திருந்த ஒரு புலம் தன் சமச்சீர்மையை இழந்து ஏதோ ஒரு மதிப்பில் போய் அமர வேண்டியிருந்தது. அந்த மதிப்புக்கு ஒரு திசை உண்டு. எந்தத் திசை என்று எந்த விதியும் சொல்வதில்லை. அதுவரை ஒளிகூடப் போய்ச் சேராத தூரத்தில் இருந்த இரண்டு பகுதிகள் ஒரே திசையைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை.

ஒரு பெரிய மைதானம் முழுக்கப் பிள்ளைகள் நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் பார்க்கும் பக்கமே ஏறத்தாழ பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவர்களுக்கிடையே ஒரு வட்டம் நடந்து வருகிறீர்கள். அதற்குள் அவர்கள் பார்க்கும் திசையும் முழுதாக ஒரு சுற்று திரும்பிவிட்டால், வட்டத்தின் நடுவில் நிற்கும் பிள்ளை எந்தப் பக்கம் பார்ப்பது? அங்கே விடை கிடையாது. புலத்திலும் இதுதான் நடக்கிறது. நடுவில் அது பூஜ்யத்திலேயே மாட்டிக்கொள்ள, பழைய வெப்பக் காலத்தின் ஆற்றல் அங்கே அடைபட்டுப் போகிறது. முப்பரிமாணத்தில் அந்த நடுப்புள்ளி ஒரு கோடாக நீளும். அதுதான் அண்ட இழை. அதற்கு முனை கிடையாது. ஒன்று முடிவில்லாமல் நீளும், இல்லையென்றால் தன்னோடு தானே சேர்ந்து வளையமாகும்.

இந்த வழிமுறையை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். 1990-களில் திரவப் படிகங்களிலும் மீப்பாய்ம ஹீலியம்-3-இலும், நிலைமாற்றம் சட்டென்று நடக்கும்போது இதே வகைக் கோடுகள் உருவாயின. அதனால் கிப்பிளின் தர்க்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. இயற்கை அந்த உயர் ஆற்றலில் அப்படி ஒரு சமச்சீர்மையை உடைத்ததா என்பது மட்டுமே கேள்வி.

கார்த்திகைப்பூ எழுதியது:

அலைவரிசை அக்கா, நான் பிஎஸ்சி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இழையின் எடை பயங்கரமாக இருக்கும் என்று படித்தேன். அப்படியென்றால் அருகில் உள்ள விண்மீன்களை எல்லாம் இழுக்க வேண்டுமே, ஏன் இதுவரை கண்ணில் படவில்லை?

அலைவரிசை எழுதியது:

கார்த்திகைப்பூ, எடை உண்மையிலேயே பயங்கரம்தான். இழையைப் பற்றி எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஓர் எண். இழையின் ஒரு மீட்டருக்கு எவ்வளவு நிறை என்பதை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. இழுவிசை எண் என்று வைத்துக்கொள்வோம். மாபெரும் ஒருங்கிணைப்புக் கோட்பாடுகள் (ஈர்ப்பு தவிர்த்த விசைகளை ஒன்றாக்கப் பார்ப்பவை) சொல்லும் ஆற்றலில் இழை உருவாகியிருந்தால் இந்த எண் 10⁻⁶ அளவில் இருக்கும். அப்போது நாலரை கிலோமீட்டர் நீள இழையில் பூமியின் மொத்த நிறையும் இருக்கும். தடிமனோ புரோட்டானை விடக் கோடி கோடி மடங்குக்கும் மேல் மெல்லியது.

ஆனால் நேரான ஓர் இழை பக்கத்தில் இருக்கும் பொருளை இழுக்காது! அதன் நிறை உண்டாக்கும் ஈர்ப்பை, அதன் நீளவாக்கில் இருக்கும் இழுவிசை சரியாக ரத்து செய்துவிடுகிறது. மிச்சம் இருப்பது வடிவியல் விளைவு மட்டும். இழையைச் சுற்றி வந்தால் வட்டம் 360 பாகைக்குக் கொஞ்சம் முன்னதாகவே முடிந்துவிடும். 10⁻⁶ அளவு இழைக்கு அந்தக் குறை சுமார் 5 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை). அதனால் இழைக்குப் பின்னால் இருக்கும் ஒரு காலக்ஸி, சிதையாமல், அச்சு அசலாக இரண்டு பிம்பங்களாகத் தெரிய வேண்டும்.

2003-இல் இத்தாலிய-ரஷ்யக் குழு ஒன்று அப்படி ஒரு ஜோடியை அறிவித்தது. சிஎஸ்எல்-1 என்று பெயர். இரண்டு பிம்பங்களும் ஒரே நிறமாலையைக் காட்டின. பலருக்கும் மூச்சு நின்ற நேரம் அது. 2006 தொடக்கத்தில் ஹபிள் தொலைநோக்கி உற்றுப் பார்த்தபோது, அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தனித்தனி காலக்ஸிகள் என்று தெரிந்தது.

குறிஞ்சிவானம் எழுதியது:

நேரான இழை சும்மா இருக்கிறது என்றால் அலைகள் எங்கிருந்து வருகின்றன?

விண்மணி எழுதியது:

வளையங்களிலிருந்து, நண்பரே. நீண்ட இழைகள் ஒளிவேகத்தை நெருங்கி நெளிந்துகொண்டே இருக்கின்றன. இரண்டு இழைகள் குறுக்கே வெட்டினால் முனைகளை மாற்றிக் கோத்துக்கொள்கின்றன. ஓர் இழை தன்னையே வெட்டிக்கொண்டால் வளையம் ஒன்று கழன்று தனியாகப் போகிறது. அந்த வளையம் தன் இழுவிசையால் அதிர்ந்துகொண்டே ஈர்ப்பு அலைகளாகத் தன் ஆற்றலை இழந்து சுருங்கி மறையும். இதை முதலில் கணக்கிட்டவர் அலெக்சாண்டர் விலென்கின், 1981-இல். பிறகு 1985-இல் தன்மய் வாச்சஸ்பதியோடு சேர்ந்து துல்லியமாக்கினார்.

அந்தக் கணக்கில் என்னை இன்றும் அசர வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. வளையம் வெளியிடும் திறன் அதன் நீளத்தைப் பொறுத்ததே இல்லை. இழுவிசை எண் 10⁻¹⁰ என்று எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் வளையமாக இருந்தாலும் ஓர் ஒளியாண்டு வளையமாக இருந்தாலும் அது வெளியிடுவது சுமார் 5 கோடி சூரியன்களின் ஒளித்திறனுக்குச் சமமான ஈர்ப்பு அலை. நீளம் தீர்மானிப்பது இரண்டை மட்டும்: எந்த அதிர்வெண்ணில் அதிரும், எவ்வளவு காலம் உயிரோடிருக்கும். ஓர் ஒளியாண்டு வளையம் ஆண்டுக்கு இரண்டு முறை அதிரும். 10⁻¹⁰ என்ற எண்ணுக்கு அதன் ஆயுள் 20 கோடி ஆண்டுகள்.

வளையம் அதிரும்போது சில கணங்களில் அதன் ஒரு புள்ளி ஒளிவேகத்தையே தொட்டுவிடும். அந்தக் கூர்முனையிலிருந்து ஒரு குறுகிய கற்றையாக ஈர்ப்பு அலை வெடித்துக் கிளம்பும் என்று திபோ தமூரும் விலென்கினும் 2000-இல் காட்டினார்கள். தரையில் இருந்து ஈர்ப்பு அலைகளைக் கேட்கும் லைகோ கருவி தேடுவது இந்தத் தனித்தனி வெடிப்புகளையும் சேர்த்துத்தான். 2019 மே மாதம் பதிவான ஜிடபிள்யூ190521 என்ற மிகக் குறுகிய சமிக்ஞைக்கு இந்த விளக்கத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். கருந்துளை மோதல்தான் நன்றாகப் பொருந்தியது.

நேர்கோடு எழுதியது:

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையின் வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். 1980-களில் இதே இழைகள் காலக்ஸிகள் உருவாகக் காரணமான விதைகள் என்று பெரிதாகப் பேசப்பட்டன. பிரபஞ்சம் தொடக்கத்தில் கண நேரத்தில் பலமடங்கு விரிந்தது என்னும் பெருவீக்கக் கோட்பாட்டுக்கு நேர் போட்டி அது. அண்ட நுண்ணலைப் பின்னணியின் (இளம் பிரபஞ்சத்திலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கும் ஒளியின்) நுணுக்கமான அளவீடுகள் வந்ததும் அந்தப் போட்டி முடிந்தது. விதைகள் இழைகளாக இருந்திருந்தால் அந்த அளவீடுகளின் வரைபடத்தில் வரிசையான முகடுகள் தெளிவாகத் தெரியக் கூடாது. 2000 வாக்கில் பூமராங் பலூன் சோதனையும் அதன்பின் டபிள்யூமேப் செயற்கைக்கோளும் முகடுகளைத் தெளிவாகக் காட்டின. 2013-இல் பிளாங்க் செயற்கைக்கோள் தரவு, இழுவிசை எண் 1.5×10⁻⁷-க்கு மேல் போக முடியாது என்று வரம்பு போட்டது. அலைவரிசை சொன்ன 10⁻⁶ இழை, பூமி எடை இழை, அப்போதே போய்விட்டது.

ஆகவே ஒவ்வொரு புதிய தரவுக்கும் இழையை எடுத்துக்கொண்டு வருவது எனக்கு உறுத்துகிறது. ராட்சதக் கருந்துளைகள் இருப்பது உறுதி. காலக்ஸிகள் மோதுவது உறுதி. உறுதியாக இருக்கும் ஒன்று விளக்கத் தகுதியாக இருக்கும்போது, இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றை ஏன் கூப்பிட வேண்டும்?

விண்மணி எழுதியது:

நேர்கோடு சார், விதைகள் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்தத் தோல்வி எந்த அளவுக்குச் செல்லும் என்பதில்தான் வேறுபடுகிறேன். முகடுகள் சொன்னது இழைகள் முக்கிய விதை இல்லை என்று. லேசான இழைகள் இருக்கவே கூடாது என்று அவை சொல்லவில்லை. 10⁻¹⁰ அளவு இழை நுண்ணலைப் பின்னணியில் கண்ணுக்கே தெரியாது. ஈர்ப்பு அலையில் மட்டும்தான் தெரியும்.

கருந்துளை விளக்கத்திலும் முடிச்சுகள் உண்டு. அளவிட்ட வீச்சு, கருந்துளைக் கணக்குகள் எதிர்பார்த்ததன் மேல்நுனியில் இருக்கிறது. சரிவும், அதாவது அதிர்வெண் கூடக் கூட அலையின் பலம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதும், முழுமையாக ஒத்துப்போகவில்லை. வட்டப் பாதையில் சுற்றி ஈர்ப்பு அலையால் மட்டுமே நெருங்கும் கருந்துளை ஜோடிகளுக்கு, பல்சர் துடிப்புகளின் நேரப் பிழையில் தெரியும் சரிவு எண் 13/3, அதாவது 4.33 இருக்க வேண்டும். நானோகிராவின் 15 ஆண்டுத் தரவு தந்தது 3.2, கூடக்குறைய 0.6.

நேர்கோடு எழுதியது:

அதே எண்ணை வைத்துத்தான் நானும் வாதாடுகிறேன். அழியாத சாதாரண இழைகளுக்கு அந்தச் சரிவு எண் 5-ஐ ஒட்டி வரும். 3.2-இலிருந்து அது கருந்துளையை விடத் தள்ளி இருக்கிறது. நானோகிராவின் புதிய இயற்பியல் கட்டுரையில் மோசமாகப் பொருந்திய சிலவற்றில் சாதாரண இழையும் ஒன்று. கருந்துளை ஜோடிகள் சுற்றியுள்ள வாயுவோடும் விண்மீன்களோடும் உரசி வேகமாக நெருங்கினால் சரிவு குறையும். அதற்குப் புதிய இயற்பியல் தேவையில்லை.

இன்னொன்று. இழைக் கணக்குகள் எதுவும் ஒருமித்த கணக்கு இல்லை. லைகோ-விர்கோ-காக்ராவின் மூன்றாம் ஓட்டத் தரவு 2021-இல் போட்ட வரம்பைப் பாருங்கள். சிறு வளையங்கள் ஏராளம் என்று சொல்லும் மாதிரியில் இழுவிசை எண் 4×10⁻¹⁵-க்கு மேல் கூடாது. பெரிய வளையங்களை மட்டும் எண்ணும் மாதிரியில் வரம்பு பல லட்சம் மடங்கு தளர்ந்துவிடுகிறது. ஒரே தரவு, ஒரே இழை. வளையங்கள் எத்தனை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

அலைவரிசை எழுதியது:

நேர்கோடு சொன்ன கடைசி விஷயம் இந்தத் துறையின் உண்மையான காயம். அதை இன்னும் ஆழமாகவே சொல்லலாம். இழையைத் தடிமனே இல்லாத கோடாக வைத்துக் கணினியில் ஓட்டினால் வளையங்கள் நீண்ட காலம் வாழ்ந்து ஈர்ப்பு அலைகளைக் கொட்டுகின்றன. பிளாங்கோ-பிலாடோ, ஓலம் குழுவின் கணக்குகள் இந்த வகை. புலத்தையே நேரடியாகக் கணினியில் ஓட்டினால், மார்க் ஹிண்ட்மார்ஷும் அவரோடு இருப்பவர்களும் பல ஆண்டுகளாகச் சொல்வதுபோல, வளையங்கள் சீக்கிரமே துகள்களாகக் கரைந்துபோகின்றன. அப்படியானால் ஈர்ப்பு அலைக்கு மிச்சம் ரொம்பக் குறைவு. புலக் கணக்கில் இழையின் தடிமனும் பிரபஞ்சத்தின் அளவும் ஒரே கணினிக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். நிஜத்தில் இரண்டுக்கும் இடையிலான விகிதம் எந்தக் கணினிக்கும் எட்டாதது. இது தீரும் வரை எந்த வரம்பையும் "இந்த மாதிரியில்" என்ற அடைமொழியோடுதான் நான் படிப்பேன்.

சரி, இதை வைத்து இழையை ஒதுக்கிவிடலாமா என்றால் கூடாது என்பேன். இழைக்கு மட்டுமே உள்ள ஒரு தன்மை இருக்கிறது. கருந்துளை ஜோடிகளின் பின்னணி நானோஹெர்ட்ஸில் பலமாக இருந்து மேலே போகப் போக அடங்கிவிடும். இழைகள் எல்லாக் காலத்திலும் வளையங்களைப் பிரசவித்துக்கொண்டே இருப்பதால், அவற்றின் அலைகள் நானோஹெர்ட்ஸிலிருந்து லைகோ கேட்கும் நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது ஆயிரம் கோடி மடங்கு அதிர்வெண் வீச்சுக்கும் மேலாக, ஏறத்தாழ ஒரே மட்டத்தில் பரவிக் கிடக்கும். பிரபஞ்சத்தில் கதிர்வீச்சு ஓங்கியிருந்த காலத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் கழன்ற வளையங்கள் தரும் பங்கு கிட்டத்தட்ட சமம். சிறிய, பழைய வளையங்கள் உயர் அதிர்வெண்ணில். பெரிய, பிந்தைய வளையங்கள் தாழ்ந்த அதிர்வெண்ணில்.

இதனால் என்ன? பல்சரில் ஒரு மதிப்பைச் சொல்லிவிட்டால் லைகோவிலும் விண்வெளிக்குப் போகவிருக்கும் ஈர்ப்பு அலைக் கருவியான லிசாவிலும் என்ன தெரிய வேண்டும் என்பது தானாகவே முடிவாகிவிடுகிறது. தப்பிக்க இடம் குறைவு. எனக்கு இழைக் கோட்பாடு பிடித்துப்போனதே இதனால்தான். பொய்யாக இருந்தால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

கார்த்திகைப்பூ எழுதியது:

சாதாரண இழை பொருந்தவில்லை என்று நேர்கோடு சார் சொல்கிறார். அப்புறம் ஏன் இன்னும் கட்டுரைகள் வருகின்றன?

அலைவரிசை எழுதியது:

இரண்டு வகைகள் நன்றாகப் பொருந்தியதால். முதலாவது, துகள்களை நுண்ணிய சரங்களாகப் பார்க்கும் சரக்கோட்பாட்டிலிருந்து வரும் பேரளவுச் சரங்கள். கோப்லண்ட், மையர்ஸ், போல்சின்ஸ்கி மூவரும் 2004-இல் இவற்றுக்கு வழி இருப்பதைக் காட்டினார்கள். இவை வெட்டிக்கொள்ளும்போது எப்போதும் முனை மாற்றிக் கோத்துக்கொள்வதில்லை, பல நேரம் ஊடுருவிப் போய்விடும். அதனால் இழைகளின் வலை அடர்த்தியாகி அலைகள் பலமாகின்றன.

இரண்டாவது, நிலைத்திராத இழைகள். இதைப் பற்றித்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள். இழைக்கு முனை கிடையாது என்று மேலே சொன்னேன். அது தனித்த சமச்சீர்மைக்கு. ஒரு பெரிய சமச்சீர்மை படிப்படியாக உடைந்து இழை உருவாகியிருந்தால், இழையின் நடுவில் குவாண்டம் ஊடுருவலால் காந்த ஒருமுனைகள் (ஒரே ஒரு காந்த முனை மட்டும் உள்ள துகள்கள்) ஜோடியாகத் தோன்றி அதை அறுக்கலாம். அப்படி வலை ஒரு கட்டத்தில் அறுந்து மறைந்துவிட்டால், பிந்தைய காலத்தில் கழன்றிருக்க வேண்டிய பெரிய வளையங்கள் இல்லை. தாழ்ந்த அதிர்வெண்ணில் அலை குறையும். சரிவு எண் 5-இலிருந்து இறங்கி, அளந்த மதிப்பை நோக்கி வரும். நியூட்ரினோக்களுக்கு நிறை தரும் சீசா வழிமுறையோடு இப்படிப்பட்ட சமச்சீர்மை உடைவு இயல்பாகவே சேர்ந்து வருகிறது என்பது கூடுதல் ஈர்ப்பு.

பிரபஞ்சம் பிறந்து 3,80,000 ஆண்டுகளில் நுண்ணலைப் பின்னணி உருவாவதற்கு முன்பே இவை மறைந்திருக்க முடியும் என்பதால் பிளாங்கின் வரம்பு இவற்றைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது லைகோ. மூன்றாம் ஓட்டத் தரவே ஏறத்தாழ 10⁻⁷-க்கு மேல் வெட்டிவிட்டது. பல்சர் தரவு விரும்பும் இடத்தில் பெரும்பகுதி அதற்கும் மேலே இருக்கிறது. மிச்சம் இருப்பது அந்த விளிம்பில் ஒரு சிறு பகுதி.

நேர்கோடு எழுதியது:

லைகோ வரம்பைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. என் நிலை இன்னும் கருந்துளைதான். ஆனால் அந்த விளிம்பைச் சோதிக்க வேண்டும் என்பதில் உடன்படுகிறேன்.

தொண்டைமண்டலம் எழுதியது:

ஒரு தகவலுக்காக. இந்தியப் பல்சர் குழுவின் பங்கு பற்றி நம் பத்திரிகைகளில் போதிய அளவு வரவில்லை. புனே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களோடு இருக்கும் ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கிதான் இவர்களுடைய கருவி. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்து ஆய்வாளர்களும் இந்தக் குழுவில் உண்டு.

இவர்கள் எதற்குத் தேவை? பல்சர் துடிப்பு விண்மீன்களுக்கு இடையிலுள்ள எலக்ட்ரான்கள் வழியாக வரும்போது தாமதமாகிறது. தாழ்ந்த வானொலி அதிர்வெண்ணில் தாமதம் மிக அதிகம். ஜிஎம்ஆர்டி அங்கேதான் வலுவானது. அந்தத் தாமதத்தைத் துல்லியமாக அளந்து கழித்தால்தான் மிச்சம் இருப்பது ஈர்ப்பு அலையா என்று பேசவே முடியும். ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து 25 பல்சர்களை ஆராய்ந்தார்கள்.

குறிஞ்சிவானம் எழுதியது:

அருமையான தகவல், ஐயா. ஒரு சந்தேகம்: பல்சர் கடிகாரங்களே தாறுமாறாக ஓடுகின்றன என்று ஏன் இருக்கக்கூடாது?

விண்மணி எழுதியது:

அதற்குத்தான் ஹெலிங்ஸும் டவுன்ஸும் 1983-இல் ஒரு வளைவைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். வானில் அருகருகே இருக்கும் இரண்டு பல்சர்கள் ஒரே போக்கில் முந்தும், பிந்தும். ஏறத்தாழ செங்கோணத்தில் இருப்பவை எதிரெதிர்ப் போக்கில். நேரெதிரே இருப்பவை மறுபடியும் ஓரளவு ஒரே போக்கில். பல்சரின் சொந்தக் கோளாறு எதுவும் இந்த வடிவத்தைத் தராது. நானோகிராவ் 67 பல்சர்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு இந்த வளைவின் தடயத்தைக் கண்டது. உறுதி 3-இலிருந்து 4 சிக்மா வரை (சிக்மா கூடக் கூட, தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையும்). கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும்.

ஆனால் இந்த வளைவு அலை இருப்பதைத்தான் சொல்லும். கருந்துளையா இழையா என்று சொல்லாது. அதற்கு வானம் எவ்வளவு சீராக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கருந்துளைகள் என்றால் அருகிலிருக்கும் சில ஜோடிகள் மற்றவற்றை விட உரக்க ஒலிக்கும், சில திசைகள் தூக்கலாகத் தெரியும். இழைகள் என்றால் கிட்டத்தட்ட எல்லாத் திசையும் ஒன்றுபோல. இப்போதைய தரவில் திசை வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. உலகக் குழுக்கள் தங்கள் பல்சர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் மூன்றாம் தொகுப்பு வரும்போது இந்தக் கேள்விதான் முதலில் பார்க்க வேண்டியது.

கார்த்திகைப்பூ எழுதியது:

கடைசியாக ஒன்று. லிசா போய்ப் பார்த்தும் இழையே இல்லை என்றால் இவ்வளவு உழைப்பும் வீண்தானா?

அலைவரிசை எழுதியது:

இல்லவே இல்லை, கார்த்திகைப்பூ. லிசாவை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் இறுதி செய்தது. 25 லட்சம் கிலோமீட்டர் பக்கங்கள் கொண்ட முக்கோணமாக மூன்று விண்கலங்கள், ஏவுதல் 2035 வாக்கில். பெரிய வளையக் கணக்குப்படி அது 10⁻¹⁷ வரைக்கும் இழுவிசை எண்ணைத் தொட முடியும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்: சமச்சீர்மை உடைந்த ஆற்றல் சுமார் 10¹⁰ ஜிகா எலக்ட்ரான்வோல்ட். ஜெனிவாவில் ஓடும் ஹாட்ரான் மோதியின் ஆற்றலைப் போல அது பத்து லட்சம் மடங்கு. அந்த ஆற்றலுக்கு மேல் இழை தரும்படியான உடைவு பெருவீக்கத்துக்குப் பின் நடக்கவில்லை என்று தெரிந்தால், ஒருங்கிணைப்புக் கோட்பாடுகளில் ஒரு பெரும் பகுதியை அடித்துவிடலாம். எந்த முடுக்கியாலும் செய்ய முடியாத வேலை அது.

தென்பட்டால் இன்னும் பெரிய கதை. பிரபஞ்சம் எப்படி விரிந்தது என்பதற்கு நம் கையில் இருக்கும் மிகப் பழைய சாட்சி, முதல் சில நிமிடங்களில் உருவான ஹீலியமும் டியூட்டீரியமும். அதற்கு முன் என்ன நடந்தது என்று காட்டும் அளவீடு எதுவும் இல்லை. இழைகளின் அந்தச் சமதள நிறமாலை எந்த அதிர்வெண்ணில் வளைகிறது என்று பார்த்தால், முதல் நொடிக்கும் முன்பே கதிர்வீச்சுக்குப் பதில் வேறு ஏதாவது பிரபஞ்சத்தை ஆண்டதா என்று படிக்கலாம். அதற்கு லிசா மட்டும் போதாது. பல்சர், லிசா, லைகோ மூன்றின் அளவீடுகளையும் ஒரே வரைபடத்தில் வைக்க வேண்டும். மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் வரவிருக்கும் லைகோ-இந்தியாவும் அதில் சேரும்.

உனக்கு ஆர்வம் இருந்தால் நானோகிராவின் 15 ஆண்டுத் தரவு பொதுவில் கிடைக்கிறது. பைத்தான் தெரிந்தால் போதும், சரிவு எண்ணை நீயே கணக்கிட்டுப் பார்க்கலாம். 13/3-க்கும் 5-க்கும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே போடு, நேர்கோடு சாரும் நானும் பார்க்கிறோம்.